டைடல் பார்க் வருகிறதென்று கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்

போன வாரம் ஒரு மாணவியின் அப்பா கல்லூரிக்கு வந்திருந்தார். மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார். "மாட்டுத்தாவணியிலயே டைடல் பார்க் வருதுல்ல சார். கொஞ்ச நாள் பொறுத்தா பாப்பா வீட்டுல இருந்தே போயிட்டு வந்துரும்" என்றார்.

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். இதே காரணத்தைச் சொல்லி வந்த வேலையைத் திருப்பிவிட்டு, ஒரு வருடம் கழித்து "சார், ஏதாவது ஓப்பனிங் இருக்கா?" என்று கேட்டுவரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்கவில்லை. அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கட்டடம் வேறு, கம்பெனி வேறு, உங்கள் மகளுக்கான வேலை வேறு. மதுரை மாட்டுத்தாவணியில் அரசின் ஐ.டி. வளாகமான டைடல் பார்க்குக்கு 2025 பிப்ரவரி 18 அன்று அடிக்கல் நாட்டினார்கள். திட்ட மதிப்பு 314 கோடி ரூபாய். நல்ல விஷயம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டைடல் பார்க் யாருக்கும் சாஃப்ட்வேர் வேலை கொடுக்காது. அது இடத்தை வாடகைக்கு விடும். வாடகைக்கு ஒரு நிறுவனம் வர வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும், உள்ளே வேலை முடித்து ஆட்களை உட்கார வைக்க வேண்டும். அந்த முதல் இருக்கைகளிலும் பெரும்பாலும் உட்காருவது புதியவர்கள் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பக் காத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள்தான் மாற்றல் கேட்டு வருவார்கள். புதியவர்களை எடுப்பது அதற்கு அப்புறம்.

மதுரை பக்கத்தில் வடபழஞ்சியில், அரசின் எல்காட் நிறுவனத்து ஐ.டி. கட்டடம் 2021-ல் எதற்குப் பயன்பட்டது என்று ஞாபகம் இருக்கிறதா? கொரோனா சிகிச்சை மையமாக. அத்தனை படுக்கைகளைப் போட அங்கே இடம் இருந்தது. பிறகுதான் பின்னக்கிள் இன்ஃபோடெக் மாதிரியான நிறுவனம் வந்தது. இலந்தைக்குளத்தில் எச்சிஎல் இருக்கிறது, ஹனிவெல்லும் பல வருடங்களாக மதுரையில் இருக்கிறது. எதுவுமே வராத ஊர் இல்லை இது. ஆனால் பந்தல் போட்டதுமே கல்யாணம் முடிந்த மாதிரி பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, "அமைச்சர் நினைத்தால் கொண்டுவந்து விடலாம்" என்ற பேச்சு. பெரிய கம்பெனி ஒரு ஊரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு ஊரறிந்த உதாரணம் அமேசானின் இரண்டாம் தலைமையகம். 2017-ல் இடம் தேடுவதாக அறிவித்ததும் வட அமெரிக்காவிலிருந்து 238 விண்ணப்பங்கள் குவிந்தன. நியூவார்க் நகரத்துக்காக நியூஜெர்சி மாநிலம் 700 கோடி டாலர் வரை சலுகை காட்டியது. மேரிலாந்து 850 கோடி டாலர் என்றது. இரண்டுக்கும் கிடைக்கவில்லை. 2018 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனும் நியூயார்க்கும் தேர்வாயின. வர்ஜீனியா நேரடியாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது ஏறக்குறைய 55 கோடி டாலர்தான். அதோடு சேர்த்துப் படிப்பைக் காட்டியது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஆர்லிங்டனுக்குப் பக்கத்து ஊரான அலெக்சாண்ட்ரியாவில் 100 கோடி டாலரில் புது வளாகம் கட்டும். கணினிப் பட்டதாரிகளை 20 ஆண்டுகளில் கூடுதலாக 25,000 பேராவது உருவாக்குவோம் என்றது. அப்போது மாநில ஆளுநர் ஜனநாயகக் கட்சி. அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் தேர்ந்தெடுத்தவர். சட்டமன்றத்தில் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்கு. இருந்தும் இரண்டு கட்சியும் சேர்ந்து அமேசானுக்கான சலுகைச் சட்டத்தை நிறைவேற்றின. நியூயார்க்கில் உள்ளூர் அரசியல் எதிர்ப்பு முற்றி, 2019 பிப்ரவரியில் அமேசான் விலகிக்கொண்டது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் ஆர்லிங்டனில் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை அமேசான் ஒத்திப்போட்டது. பல்கலைக்கழகத்தின் புது வளாகமோ 2025-ல் திறக்கப்பட்டது. ஒரு கம்பெனி தயங்கினாலும் படித்தவர்கள் அந்த ஊரில் இருப்பார்கள், அவர்களைத் தேடி இன்னொரு கம்பெனி வரும்.

நம் ஊருக்கு ஆய்வுக்கு வரும் நிறுவனக் குழுக்களோடு உட்கார்ந்திருக்கிறேன். நிலம், வரிச்சலுகை எல்லாம் அரசோடு பேசிக்கொள்வார்கள். எங்களிடம் கேட்பது வேறு. சுற்றுவட்டாரத்தில் இறுதியாண்டில் எத்தனை பேர், அதில் அரியர் இல்லாதவர்கள் எத்தனை, தேர்வு முடிவு எந்த மாதம் வரும், பட்டச் சான்றிதழ் எப்போது கைக்கு வரும், பாடத்திட்டத்தில் ஒரு தாளை மாற்ற வேண்டுமென்றால் யார் கையெழுத்துப் போடுவார்? இந்தக் கடைசிக் கேள்வி வந்தால் மேஜையில் யாரும் வாய் திறப்பதில்லை.

எப்படித் திறப்பது? 1966-ல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை நம்பி மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. பி.இ. மட்டும்தான் ஐ.டி. வேலைக்கு என்று இன்னும் நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.காம். பிள்ளைகளையும் நிறுவனங்கள் எடுக்கின்றன. அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஊழியர்கள் போராடும் நிலை வந்தது. 2024-ல் துணைவேந்தர் விலகிய பின் நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. துணைவேந்தரை யார் நியமிப்பது என்று அரசுக்கும் ஆளுநருக்கும் இழுபறி. நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கு மாற்றச் சட்டமன்றம் 2022-ல் மசோதா கொண்டுவந்தது, அது சட்டமாகிவிட்டதாக 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, மே மாதமே சென்னை உயர் நீதிமன்றம் நியமனத்துக்கான சட்டத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் மாணவனின் பாடத்திட்டமும் சான்றிதழும் நடுவில் நிற்கின்றன என்பதுதான் என் கவலை.

பொறியியல் பக்கமும் இதே கதை. தி.மு.க. ஆட்சியில் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்து மதுரைக்கென்று தனித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2010-ல் வந்தது. ஆட்சி மாறியதும் 2012-ல் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். பிரித்ததும் சரியாக இருக்கலாம், சேர்த்ததும் சரியாக இருக்கலாம். ஆனால் ஏறக்குறைய இரண்டே வருடத்தில் கலைந்துபோகும் அமைப்பை நம்பி எந்த நிறுவனம் ஐந்தாண்டுத் திட்டம் போடும்?

கோவையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம். அங்கே ஆலை முதலாளிகளும் தொழிலதிபர்களும் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று 1950-களிலேயே பொறியியல் கல்லூரிகளைத் தொடங்கிவிட்டார்கள். பட்டறையும் வகுப்பறையும் சேர்ந்தே வளர்ந்தன. மதுரையிலும் ஆலை நடத்திய கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957-ல் பொறியியல் கல்லூரி தொடங்கினார். நம்மிடம் விதை இல்லாமல் இல்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களை எடுத்துத் தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறது. இந்த ஊரில் நிறைய பேருக்கு வேலை கொடுக்கும் இடங்களில் ஒன்று அது. எந்த அறிவிப்புக்கும் காத்திருந்து வந்ததில்லை.

"சுந்தர் பிச்சை மதுரையில பிறந்தவரு, கூகுளை விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோயிட்டாரே" என்பவர்களுக்கு ஒரே பதில். 2025 அக்டோபரில் அறிவித்த 1,500 கோடி டாலர் திட்டம் பெரும்பகுதி டேட்டா சென்டர். அதற்கு மின்சாரமும் நிலமும் கடலடிக் கேபிளும் வேண்டும். பிறந்த ஊர்ப் பாசம் அந்தக் கணக்கில் வராது.

சரி, என்ன செய்யலாம்?

கையில் வேலை இருந்தால் சேருங்கள். ஊருக்கு வர ஆசைப்பட்டால், நாலைந்து வருட அனுபவத்தோடு வருவதுதான் நிச்சயமான வழி என்று மேலே சொல்லிவிட்டேன். பெண் பிள்ளையை வெளியூர் அனுப்ப பயம் என்றால், முதல் மாதம் ஒருவர் கூடப் போய் இருங்கள், விடுதியை நேரில் பாருங்கள். வேலையே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. படித்து முடித்து வீட்டில் உட்கார்ந்த ஒரு வருடத்துக்கு ஒவ்வொரு இன்டர்வியூவிலும் அந்தப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும்.

தொழிலதிபர் சங்கங்கள், வர்த்தக சங்கங்களுக்கு: மனு கொடுக்கும்போது விமான நிலையம், மெட்ரோ என்று எழுதுகிறீர்கள். நிரந்தரத் துணைவேந்தரும் பல்கலைக்கழக நிதியும் அந்த மனுவின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதையே கேளுங்கள்.

கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு: "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" பேனரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். போன வருடம் இதே துறையில் படித்தவர்கள் எத்தனை பேர், வேலையில் உண்மையாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஊரில், என்ன சம்பளத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். ஆஃபர் எண்ணிக்கையைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் அதை மூன்றாக எண்ணும் இடங்கள் உண்டு. தர மறுத்தால் எழுந்து அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.