ஒலியற்ற வெடிப்பும் நேரம் தவறாத தலைவலியும்

வாசகர் ஒருவர் அண்மையில் இப்படிக் கேட்டிருந்தார்: கண் அயரும் நேரத்தில் தலைக்குள்ளேயே துப்பாக்கி வெடித்தாற்போலச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறேன், அருகில் உறங்குபவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை. வேறு சில இரவுகளில் கடுமையான தலைவலி என்னை எழுப்பிவிடுகிறது. இரண்டும் ஒரே நோயா? மூளைக்குள் ஏதேனும் வெடித்துவிட்டதா?

பெரும்பாலானவர்களிடம் இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதில் சத்தம் உண்டு, வலி இல்லை; இரண்டாவதில் வலி உண்டு, சத்தம் இல்லை. உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் மூளைப் பகுதிகளோடு இரண்டுமே தொடர்புடையவை என்று கருதப்படுவதால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் பயன் உண்டு.

சத்தத்திலிருந்து தொடங்கலாம். 1876இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல், உறங்கப் போகும் வேளையில் துப்பாக்கி வெடிப்பது போலவும் மணி ஒலிப்பது போலவும் சத்தங்களைக் கேட்டு அதிர்ந்த இருவரைப் பற்றி எழுதினார். வெட்டப்பட்ட கை கால்கள் இன்னும் இருப்பதாக உணரும் போர் வீரர்களைப் பற்றி ஆராய்ந்தவரும் இவர்தான். வெளியே இல்லாத ஒன்றை மூளை உணர்வது எப்படி என்ற கேள்வி அவரை விடவில்லை போலும். அதன்பின் நெடுங்காலம் இதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. 1988இல் பிரிட்டன் மருத்துவர் ஜே. எம். எஸ். பியர்ஸ் ‘எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சின்ட்ரோம்’ என்று பெயரிட்டு, அடுத்த ஆண்டே ஐம்பது பேரின் அனுபவங்களைத் தொகுத்து வெளியிட்டார். வெடிக்கும் தலை என்ற பெயர் அச்சமூட்டினாலும், எதுவும் வெடிப்பதில்லை, உடைவதில்லை, மூளைக்குச் சேதமும் இல்லை. ஓரிரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதயம் படபடப்பதும் வியர்ப்பதும் பயத்தின் விளைவுகளே. இது அபூர்வமான நோயும் அன்று. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 211 பேரிடம் பிரையன் ஷார்ப்லெஸ் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 18 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதை அனுபவித்திருந்தனர்.

இனி, சத்தம் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை காண, நாம் உறங்குவது எப்படி என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

உறக்கம் என்பது மூளை களைத்துப்போய்த் தானாக அடங்குவது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1949இல் ஜுசெப்பே மொருஸ்ஸி, ஹொரேஸ் மகூன் ஆகிய இருவரும் பூனைகளின் மூளைத்தண்டில் ‘வலைப்பின்னல் அமைப்பு’ எனப்படும் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, உறக்கத்துக்குரிய மெதுவான மூளை அலைகள் மறைந்து விழிப்புக்குரிய வேகமான அலைகள் தோன்றின. ஆக, விழிப்பு என்பது இடையறாமல் மேலே அனுப்பப்படும் தூண்டுதலால் தாங்கி நிறுத்தப்படும் நிலை. அத்தூண்டுதலை நிறுத்தும் ஏற்பாடும் மூளையிலேயே இருக்கிறது. நார்அட்ரினலின், செரட்டோனின், ஹிஸ்டமின் ஆகிய வேதிப்பொருள்களைச் சுரந்து நம்மை விழித்திருக்கச் செய்யும் மையங்களை, மூளையின் அடிப்பகுதியில் அமைந்த ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் திரள் அடக்குகிறது. அந்த மையங்களும் பதிலுக்கு இத்திரளை அடக்குகின்றன. ஒன்று மேலோங்கினால் மற்றொன்று முற்றிலும் தாழ்ந்துவிடும் இந்தப் பரஸ்பர அடக்குமுறையை, வீட்டு விளக்கின் சுவிட்சுக்கு ஒப்பிடலாம்: ஒரு பக்கமோ மறுபக்கமோ சாய்ந்துதான் நிற்குமே தவிர, நடுவில் நில்லாது. நாள் முழுவதும் அரைத்தூக்கத்தில் தள்ளாடாமல் நாம் தெளிவாக விழித்திருப்பதும், உறங்கினால் உறங்கியே கிடப்பதும் இந்த அமைப்பினால்தான்.

ஆனால், கட்டளை ஒரே கணத்தில் பிறந்தாலும் மூளை முழுவதும் ஒரே கணத்தில் அடங்குவதில்லை. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பதிவுசெய்து 2010இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டின. புலன்களிலிருந்து வரும் செய்திகளை, மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணிக்கு அனுப்பிவைக்கும் தலாமஸ் முதலில் அடங்கிவிடுகிறது. புறணியோ அதன் பிறகும் சில நிமிடங்கள் விழிப்பின் சாயலோடு இயங்கிக்கொண்டிருக்கிறது. அதிலும் புறணியின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேளையில் ஓய்வதில்லை. வெளியுலகச் செய்தி வருவது குறைந்துவிட்டது, செய்திக்குப் பொருள் கற்பிக்கும் பகுதியோ இன்னும் ஓயவில்லை என்ற இந்த இடைவெளியில்தான், உறக்கத்தின் வாசலில் நாம் காணும் உருவங்களும் கேட்கும் குரல்களும் படிக்கட்டில் தவறி விழும் உணர்வும் பிறக்கின்றன.

வெடிச் சத்தமும் இதே இடைவெளியில் நேரும் ஒரு பிசகு என்பதே இன்று பலரும் ஏற்கும் கருதுகோள். வலைப்பின்னல் அமைப்பு அடங்குவதில் ஒரு தடங்கல் ஏற்படும்போது, படிப்படியாக ஓய வேண்டிய கேள்விப் பகுதியின், அதாவது ஒலியை உணரும் மூளைப் பகுதியின், நரம்பணுக்கள் ஓய்வதற்குப் பதிலாக ஒரே சமயத்தில் துடித்துவிடுகின்றன. ஒலியின் உரப்பை மூளை அறிவது, எத்தனை நரம்பணுக்கள் எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன என்பதைக் கொண்டே. ஆகவே காற்றில் ஓர் அதிர்வுகூட இல்லாதபோதும், ஒட்டுமொத்தமாக எழும் அந்தத் துடிப்பை மூளை மாபெரும் சத்தமாக அன்றி வேறு எதுவாகவும் வாசிக்க வழியில்லை. செவிக்கு வேலையே இல்லாமல் ஒலி கேட்கும் என்பதை, மொன்ட்ரியால் நகரில் விழித்திருந்த நோயாளிகளுக்கு மூளை அறுவை செய்த வைல்டர் பென்ஃபீல்டு முன்பே காட்டியிருக்கிறார்; மூளையின் பக்கவாட்டில் உள்ள பொட்டு மடலின் கேள்விப் பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டபோது, ரீங்காரமும் மணியோசையும் கேட்பதாக அவர்கள் கூறினர்.

போட்டிக் கருதுகோள்களும் உண்டு. நடுச்செவியின் நுண்தசை ஒன்று திடீரெனச் சுருங்குவதே காரணம் என்பர் சிலர். பொட்டு மடலில் எழும் சிறு வலிப்பு என்பர் வேறு சிலர். செவிக் கருதுகோள் எனக்கு நிறைவு தரவில்லை, ஏனெனில் சிலர் சத்தத்தோடு மின்னல் போன்ற ஒளியையும் காண்கிறார்கள், சிலருக்கு உடல் ஒரு முறை தூக்கிப்போடுகிறது. கேள்வி, காட்சி, தசை ஆகிய மூன்றும் ஒரே நொடியில் தொல்லைக்குள்ளாக வேண்டுமானால், கோளாறு செவிக்கு மேலே, மூளைக்குள்தான் இருக்க வேண்டும். வலிப்பு என்ற கருத்துக்கும் வலு குறைவு. உறக்க ஆய்வகத்தில் பதிவான நிகழ்வுகளில், விழிப்புக்குரிய ஆல்ஃபா அலைகளும் அரைத்தூக்கத்துக்குரிய தீட்டா அலைகளும் கலந்து தெரிந்தனவே தவிர, வலிப்புக்குரிய அடையாளங்கள் தென்படவில்லை.

இந்த அனுபவத்தைப் பேய் என்றும், யாரோ தொலைவிலிருந்து ஏவும் மின்காந்த ஆயுதம் என்றும் நம்பி ஆண்டுக்கணக்கில் அஞ்சுவோர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நகைப்பதை நான் ஏற்கமாட்டேன். எதையும் ஐயுறு என்று தத்துவத்துக்கு வழிகாட்டிய ரெனே தெகார்த்தே, 1619 நவம்பர் 10ஆம் நாள் இரவில் இடி போன்ற சத்தம் கேட்டு விழித்து, அறையெங்கும் தீப்பொறிகளைக் கண்டதாகவும், உண்மையின் ஆவி தம்மேல் இறங்கியதற்கு அடையாளமாக அந்த இடியைக் கொண்டதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. இதே கோளாறுதான் அது என்று அண்மைக் காலத்தில் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்குப் பின் நோயறிதல் செய்வது சரியன்று. ஆயினும் அவரையே மயக்கியிருக்கக்கூடிய ஓர் அனுபவம், நள்ளிரவில் தனியே விழிக்கும் எவரையும் மயக்கத்தான் செய்யும். பழிக்கத்தக்கவர்கள், அந்த அச்சத்தைக் காசாக்குபவர்களே.

வலி பிறக்கும் வழி முற்றிலும் வேறு. மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. மூளையைச் சூழ்ந்த உறைகளிலும் அவற்றின் இரத்தக் குழாய்களிலும் படர்ந்துள்ள முக்கிளை நரம்பே தலைவலியைக் கொண்டுசெல்கிறது. கேள்விப் பகுதி தாறுமாறாகத் துடித்தாலும் வலி எழாததன் காரணம் இதுதான். ஒற்றைத் தலைவலிக்கு முன்னோட்டமாக வெடிச் சத்தம் கேட்டதாகச் சிலரிடம் பதிவாகியுள்ளது. அத்தகையோருக்கு மட்டும் இரண்டும் அடுத்தடுத்து வரும்.

உறக்கத்தில் மட்டுமே வந்து எழுப்பிவிடும் தலைவலி ஒன்று உண்டு. ‘ஹிப்னிக்’ தலைவலி எனப்படும் இதை 1988இல் நீல் ராஸ்கின் ஆறு முதியவர்களிடம் கண்டு விவரித்தார். பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வருவது. மாதத்தில் பத்து நாட்களுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது. விழித்த பின் 15 நிமிடங்கள் முதல் 4 மணி நேரம் வரை இருப்பது. பலருக்கு இது ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவதால் அலாரம் தலைவலி என்றும் அழைக்கப்படுகிறது. இத்தகைய காலந்தவறாமை, உடலின் நாட்கடிகாரம் அமைந்துள்ள ஹைப்போதலாமஸை நோக்கியே விரல் நீட்டுகிறது. ஸ்கேன் ஆய்வொன்றில் இந்நோயாளிகளின் ஹைப்போதலாமஸின் பின்பகுதியில், நரம்பணுக்கள் செறிந்த சாம்பல் நிறப் பொருள் குறைந்திருந்தது. அப்பகுதிக்கு முக்கிளை நரம்பின் வலி மையங்களோடு நரம்புத் தொடர்பும் இருக்கிறது. கடிகாரத்தின் சுழற்சியை நீட்டிக்கும் லித்தியம் இதற்கு மருந்தாவது தற்செயலாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அதைவிட வியப்பானது, படுக்கும் முன் அருந்தும் ஒரு கோப்பைக் கடுங்காப்பி பலருக்கு வலியைத் தடுத்துவிடுகிறது, அவர்களில் பெரும்பாலோரின் உறக்கத்தையும் கெடுப்பதில்லை.

இரவுத் தலைவலி எல்லாம் இவ்வகை என்று கொள்ளக்கூடாது. ஒரு பக்கக் கண்ணைச் சுற்றித் துளைத்தெடுத்து, கண்ணீரும் மூக்கடைப்பும் கொண்டுவந்து, ஓரிடத்தில் உட்காரவிடாமல் அலைக்கழிப்பது கிளஸ்டர் தலைவலி. காலையில் எழும்போது இருந்து சில மணி நேரத்தில் மறைவது, உறக்கத்தில் மூச்சு தடைபடுவதன் விளைவாக இருக்கலாம். குறட்டை விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வலி மாத்திரைகளை மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் உட்கொள்வதும் தானே ஒரு தலைவலியை உண்டாக்கும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி மட்டும் தனி. மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கக்கூடும் என்பதால், விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலிக்கும், வாந்தி, பார்வை மங்கல், கை கால் தளர்ச்சி ஆகியவற்றோடு வரும் தலைவலிக்கும் பரிசோதனை கட்டாயம்.

வெடிச் சத்தத்துக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை. ஆபத்தற்றது என்று மருத்துவர் விளக்கிய பின்பே பலருக்கு அச்சம் தணிகிறது. உறக்கக் குறைவையும் மன அழுத்தத்தையும் குறைப்பதும் உதவலாம். குளோமிப்ரமின், டோபிரமேட் போன்ற மருந்துகள் பயன்பட்டதாக வரும் செய்திகளெல்லாம் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளே. உயிரைப் பறிக்காத, நொடியில் முடியும் கோளாறை ஆராய நிதி கேட்டால் ஒதுக்குவோர் குறைவு. இது குறுகிய கணக்கு என்பது என் கருத்து: விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே மூளை எப்படிக் கைமாறுகிறது என்பதை வெளிப்படையாகக் காட்டும் நிகழ்வுகள் மிகச் சில, அவற்றுள் ஒன்று ஆரோக்கியமான மாணவர்களிடமே இவ்வளவு பரவலாகக் கிடைக்கிறது.

கேள்வி கேட்ட வாசகர் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சில குறிப்புகளை எடுத்துச் செல்வது நல்லது: சத்தமும் வலியும் ஒரே இரவில் வந்தனவா, எது முந்தியது, வலி எத்தனை மணிக்குத் தொடங்கி எவ்வளவு நேரம் நீடித்தது, கண்ணில் நீர் வடிந்ததா, அந்த வாரத்தில் எத்தனை மாத்திரைகள் உட்கொள்ளப்பட்டன, அண்மையில் மன அழுத்த மருந்தோ தூக்க மருந்தோ திடீரென நிறுத்தப்பட்டதா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்காவிட்டாலும் தாமே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவ்வாறு நிறுத்திய நாட்களில் வெடிச் சத்தம் தோன்றுவது மருத்துவர்கள் அறிந்ததே.