ஆண்டி-ஏஜிங்: மூப்புத் தணிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். போன மாதம் ஒரு துண்டுத்தாளை என்னிடம் நீட்டினார். 'டாக்டர் ஆதரவுடன் பரிசோதனை ஆண்டி-ஏஜிங் சிகிச்சை' என்று அச்சிட்டிருந்தது. கீழே ராப்பாமைசின் என்ற மருந்தின் பெயர். "பரிசோதனை எல்லாம் பண்ணித்தான் மருந்து கொடுக்கிறாங்களாம். நல்லதுதானே தம்பி?" என்றார்.

அவர் அப்படிப் புரிந்துகொண்டதில் தவறில்லை. நம் ஊரில் பரிசோதனை என்றால் கிளினிக்கில் ரத்தம், சிறுநீர் எடுத்துப் பார்ப்பது. பலன் தருமா, கெடுதல் செய்யுமா என்று இன்னும் உறுதியாகாத சிகிச்சைக்கு அதே சொல்லைப் போட்டால், எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சொல் உத்தரவாதமாகக் காதில் விழுகிறது. இது என்னை மிகவும் வருத்தியது.

பரிசோதனை வடமொழி வழி வந்த சொல். தமிழில் 'ஆய்வு' இருக்கிறது. வீட்டில் கீரை ஆய்கிறோமே, அதே ஆய்தான்: பூச்சி அரித்தது எது, நல்லது எது என்று ஒவ்வோர் இலையாகப் பார்த்துப் பிரிப்பது. ஆய்ந்து முடிக்காத கீரையை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. 'ஆய்வுநிலைச் சிகிச்சை' என்று எழுதினால், வேலை இன்னும் முடியவில்லை என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சரி, ஆண்டி-ஏஜிங்? 'ஆண்டி' கிரேக்கச் சொல், எதிர் என்று பொருள். 'ஏஜ்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதைச் சிலர் 'மூப்பு எதிர்ப்பு' என்று பெயர்க்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூத்தவர், மூதாட்டி, மூதாதை எல்லாம் மூப்போடு ஒரே வேரில் கிளைத்தவை. பணிமூப்பு என்று உரிமையாகவும் சொல்கிறோம். அந்தச் சொல்லை எதிரியாக நிறுத்துவானேன்? 'மூப்புத் தணிப்பு' பொருந்தும். காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது என்கிறோம்; குறைகிறது, திரும்பவும் வரலாம். அதற்கு மேல் அந்தச் சொல் வாக்குக் கொடுப்பதில்லை. திருவள்ளுவர் 'சாவா மருந்து' என்றே ஒரு குறளில் சொல்கிறார். ஆனால் அது அமிழ்தம், அதைக் கடைச் சரக்குக்கு இழுக்கக் கூடாது. காயகற்பம் என்பதும் சரிவராது. அது பத்தியத்தோடு கூடிய சித்த மருத்துவ முறை, தனி மரபு.

ராப்பாமைசின் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். 1964-இல் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரில் கிடைத்த மருந்து அது. தீவின் சொந்தப் பெயர் ராப்பா நூயி. மருந்தின் பெயர் அதிலிருந்து வந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க 1999-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வில், வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஆயுள் நீண்டது. மனிதருக்கும் நீளும் என்று யாரும் இதுவரை மெய்ப்பிக்கவில்லை. இது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. வாய்ப்புண் வரலாம், கொலஸ்ட்ரால் ஏறலாம், காயம் ஆறத் தாமதமாகலாம். பெரியப்பாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய்; காலில் ஆறாத புண் வேறு. இனிப்புநீருக்காக அவர் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மினையும் மூப்புக்காக ஆராய்ந்து வருகிறார்கள் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியாக 'ஆதரவு'. சப்போர்ட் என்பதற்கு நேராகப் போட்டிருக்கிறார்கள். ஆதரிப்பது என்றால் ஆமோதிப்பதும் ஆகிவிடுகிறது. இங்கே வேண்டியது துணை. இருட்டில் துணைக்கு வருபவர் நாம் போகும் காரியத்தை ஏற்க வேண்டியதில்லை, கூட இருந்தால் போதும். ஆகவே 'மருத்துவத் துணை'.

மறுநாள் இருவருமாக அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்த் தாளை டாக்டரிடமே காட்டினோம். மருந்து எழுத முடியாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். ஆனால் திட்டவில்லை. புண்ணைப் பிரித்துப் பார்த்துக் கட்டுப் போட்டார், ரத்தம் எடுத்தார், இதுபோல எதைத் தொடுவதானாலும் முதலில் தன்னிடம் வரச் சொன்னார்.

திரும்பும்போது பெரியப்பா அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "ஆய்வுநிலை... இன்னும் ஆஞ்சு முடிக்கலைன்னு அர்த்தம், அப்படித்தானே?"

"அப்படித்தான், பெரியப்பா."