பீரோவுக்குப் பின்னால் ஒரு சாண்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு இரவு இருமலும் இழுப்பும் கூடிவிடும். அழைத்து வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "பிள்ளை படுக்கும் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது?" என்பதுதான். டாக்டர் வாஸ்து பார்க்கிறாரோ என்று சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வீட்டில் சாமானைக் குறைத்தால் பணம் மிச்சமாகும், மனசு லேசாகும் என்கிறார்கள்; நான் மூச்சிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கே மேட்டை வெட்டித்தான் வீடு கட்டுகிறோம். பல வீடுகளில் பின்சுவர் மண்ணை ஒட்டி நிற்கும், வெயிலைக் காணாது, மழைக்காலம் முழுக்க ஈரம் ஊறும். வீட்டில் பயன்படாதவை எல்லாம் போய்ச் சேருவதும் அந்தச் சுவரோரம்தான். பீரோ, அதன் தலையில் சூட்கேஸ், கட்டிலுக்கடியில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, என்றாவது படிக்கலாம் என்று கட்டிவைத்த வார இதழ்கள். காற்று புகாத அந்த இடுக்கில், சமையலறை ஆவியும் நம் மூச்சின் ஈரமும் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிகின்றன. அட்டையிலும் பஞ்சிலும் தோல் செருப்பிலும் பூஞ்சை பிடிக்கிறது. கூடவே, கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணி. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் கம்பளியிலும் வாழும் இந்த உண்ணி, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் பிழைக்க முடியாது. நம் ஊர் மழைக்காலத்தில் அதற்கு அந்தக் கவலையே இல்லை.

ஆகவே வீட்டில் வேண்டாத சாமானைக் கழிக்க நினைப்பவர்கள் அலமாரியைத் திறந்து புடவைகளை எண்ண வேண்டாம். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுங்கள். இழுக்க இடமில்லை என்றால், எதை வெளியேற்ற வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஜன்னலை மறைத்து எதையும் அடுக்காதீர்கள். குளிருக்குப் பயந்து மூடிய அறைக்குள் கரி போட்டுக் கணப்பு மூட்டித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் எழுந்திருக்காமலே போனதை மலையில் இருப்பவர்கள் அறிவோம். எந்த அறையானாலும் தூங்கும்போது கரி நெருப்பு கூடாது.

எளிதில் சாமானைக் கழிக்க முடியாத வீடுகளும் உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, இங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களின் லைன் வீடுகளில் தகர ட்ரங்குப் பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பாட்டியிடம் "இதெல்லாம் எதற்கு, தூக்கிப்போடு" என்று பேரன் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெட்டி இருக்கட்டும்; அதன்மேல் ஏறியிருக்கும் மூட்டைகளை எடுங்கள். பொருள் சேர்ப்பவர் எல்லோரும் நோயாளி அல்லர். படுக்கவும் சமைக்கவும் இடமில்லாதபடி நிறைந்து, ஒன்றை எடுத்தாலும் தாங்க முடியாமல் தவிக்கும் நிலை வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் அதைத் தனி நோயாகவே சேர்த்தது. அப்படிப்பட்டவர் ஊருக்குப் போயிருக்கும்போது பிள்ளைகள் சேர்ந்து அள்ளிப்போடுவது அதற்கு வைத்தியம் ஆகாது; மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த ட்ரங்குப் பெட்டியில் எனக்குப் பயம் தருவது பாச்சை உருண்டை. பேரக்குழந்தை பிறந்ததும் பழைய கம்பளிச் சட்டையை எடுத்து அப்படியே போர்த்திவிடுகிறார்கள். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையின் நாப்தலீன் வாடையே சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுவிடலாம். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணி, துவைத்து வெயிலில் உலர்த்தியதாகவே இருந்தாலும், பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்.

பணம் எங்கே மிச்சம் என்கிறீர்களா? மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் ஒரு பக்கம், கடையில் வேறு பெயரில் வாங்கிய அதே அம்லோடிபின் இன்னொரு பக்கம். நிறம் வேறு, அட்டை வேறு என்பதால் இரண்டையும் விழுங்கிவந்த ஒரு பெரியவருக்குக் கால் வீங்கியது. வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை வேறு வாங்கியிருந்தார். இருப்பது கண்ணில் படாததால் மறுபடி வாங்கும் செலவு எல்லா வீட்டிலும் இருக்கிறது. கம்பளி, குடை, டார்ச் என்று உங்கள் பட்டியலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மனசுக்கும் இதில் பங்கு உண்டா என்றால், லாஸ் ஏஞ்சல்ஸில் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளிடம் நடந்து, 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. வீடு நெரிசலாக, முடியாத வேலையாகக் கிடக்கிறது என்று விவரித்த பெண்களுக்கு, மாலைக்குள் இறங்கவேண்டிய கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. சாமான்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பியும் ஓய்வு கிடைக்கவில்லை என்று புலம்பும் பெண்களை நான் நம்புகிறேன்.

போகி நமக்கு வசதியான நேரத்தில் வருகிறது. தை, மாசி வெயிலில் கம்பளியை உதறிக் காயப்போடலாம். போர்வையை 60 டிகிரி வெந்நீரில் அலசினால் உண்ணி சாகும். கொளுத்த மட்டும் வேண்டாம். உறைபனி விழும் காலையில் புகை மேலே போகாமல் பள்ளத்தாக்கிலேயே தேங்கி, ஆஸ்துமாக்காரர்களை அன்றே என்னிடம் அனுப்பிவைக்கும். இரும்பும் காகிதமும் பழைய சாமான் கடைக்குப் போகட்டும். நல்ல கம்பளிகளை அடுத்த மழைக்கு முன்னால் யாருக்காவது கொடுங்கள். பூஞ்சை பிடித்த மெத்தையை மட்டும் தானம் என்ற பெயரில் பக்கத்து வீட்டுக்குத் தள்ளாதீர்கள். அங்கேயும் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வரும்.