தேருக்கு மறுநாள்

பாலக்காட்டில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர் வந்தால் அக்ரகாரத்தில் ஆளைவிடக் கேமரா அதிகம். தேர்முட்டியில் ரதங்கள் கூடும்போது நானும் ஏணி போட்டு ஏறுவேன். ஒரு வருஷம் திண்ணையிலிருந்த மாமி கேட்டார்: "வருஷா வருஷம் எடுக்கறேள். ஒரு படமாவது கொண்டுவந்து காட்டினேளா?"

பதில் இல்லை.

அப்புறம்தான் தேர் இல்லாத நாட்களில் போக ஆரம்பித்தேன். ஒரே மின்கம்பத்தடி, ஒரே 35 மி.மீ. லென்ஸ், ஒரே உயரம். ஒரு படம் தனியாக எதையும் சொல்லாது. இரண்டு வருஷப் படங்களைப் பக்கத்தில் வையுங்கள்: திண்ணைக்குக் கம்பிவலை வந்திருக்கும், ஓட்டுக்கூரை கான்கிரீட் ஆகியிருக்கும், பிள்ளைகள் மும்பைக்கும் சென்னைக்கும் போய்விட்ட வீட்டில் பூட்டு தொங்கும். அமெரிக்காவில் கமிலோ வெர்காரா என்ற புகைப்படக்காரர் 1970களிலிருந்து இப்படித்தான் நகர மூலைகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் எடுத்தார்.

இதில் நான் கெடுத்துக்கொண்டதும் உண்டு. பேட்டரி செத்துக் கேமராக் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருந்தது; பார்க்கவில்லை. ஒரு வருஷப் படங்களுக்குச் சரியான தேதியே இல்லாமல் போயிற்று. தேதி, தெரு, ஆள் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே கம்ப்யூட்டரில் படக் கோப்பின் விவரப் பகுதிக்குள் எழுதுங்கள். தனியாக ஒரு நோட்டிலும் எழுதுங்கள், ஏனென்றால் வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் கோப்புக்குள் இருக்கும் விவரமெல்லாம் போய்விடும்.

பெயர் கேட்பது சின்ன வேலைதான், ஆனால் பெரிய ஆட்களே விட்டிருக்கிறார்கள். 1936இல் கலிஃபோர்னியாவில் டோரதியா லாங் எடுத்த, கூலிவேலை செய்த ஒரு தாயின் படம் உலகம் முழுக்கப் போனது. அந்தத் தாய் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் குறைப்பட்டார்.

மாமிக்குப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். தன்னை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த பூட்டிய வீட்டைத்தான் பார்த்தார். அங்கே யார் இருந்தார்கள், எந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் கல்யாணம், கிணற்றை எப்போது மூடினார்கள் என்று அரைமணி நேரம். அதையெல்லாம் பிரிண்டின் பின்பக்கம் எழுதப் பேனாவை எடுத்தவன் உள்ளே வைத்துவிட்டேன். மை நாளாவட்டத்தில் படத்துக்குள் ஊறிவிடும். பென்சில் கேட்டேன். பேரனுடையது ஒன்று கிடைத்தது.