ஸ்டால் போட்டதன் பலன் விசாரணைத் தாளில்தான் இருக்கிறது

வர்த்தகக் கண்காட்சி முடிந்து திரும்புகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்ல கூட்டம், முந்நூறு கார்டு வந்தது" என்பார்கள். அந்த முந்நூறு பேரில் யாருக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. மூன்று வாரம் கழித்து அந்தக் கார்டுக் கட்டு ரப்பர் பேண்டோடு டிராயரில் கிடக்கும். ஸ்டாலுக்குக் கொட்டிய பணம் பெரும்பாலும் வீணாவது இப்படித்தான். கூட்டம் வராததால் நஷ்டப்படுகிறவர்கள் குறைவு.

இது அங்கேயே விற்றுக் காசு வாங்குகிற சந்தை இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1895-இல், சரக்கைக் கொண்டுவந்து குவிப்பதை விட்டு, மாதிரிகளை மட்டும் வைத்து ஆர்டர் பிடிக்கும் முறை வந்தது. இன்றைய கண்காட்சிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். மாதிரியைப் பார்த்தவர் பிறகு வாங்க வேண்டுமானால், நடுவில் ஒரு குறிப்பு வேண்டும். வந்தவர் என்ன கேட்டார் என்று ஸ்டாலிலேயே எழுதிக்கொள்ளும் அந்தக் குறிப்புதான் விசாரணைத் தாள்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 3 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஸ்டாலில் இரண்டு பேர். ஒருவரிடம் உருப்படியாகப் பேசி எழுதிக்கொள்ள 10 நிமிடம் ஆகும். நேரத்தில் பாதி வெறுமனே போய்விடும் என்று வைத்தால், ஆளுக்கு மணிக்கு 3 பேர். மொத்தம் 144. உங்களால் முடிந்தது அவ்வளவுதான். கண்காட்சிக்கு எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று அமைப்பாளர் சொல்லும் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த 144 இடத்தில் யார் உட்கார வேண்டும் என்பதுதான் கேள்வி. மூன்று நான்கு வாரம் முன்பே, நீங்கள் பார்க்க விரும்பும் ஐம்பது பேருக்கு ஸ்டால் எண்ணோடு எழுதி, அதில் இருபது பேரிடமாவது நாள், மணி குறித்து வாங்கிவிடுங்கள். பழைய வாடிக்கையாளர்களை மறக்காதீர்கள். அவர்கள் உங்கள் போட்டியாளரின் ஸ்டாலையும் பார்க்கத்தான் வருகிறார்கள்.

பட்ஜெட்டில் இட வாடகையை மட்டும் எழுதுவது பெரிய தவறு. வாடகை மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது தொழிலில் வழக்கம். அலங்காரம், சரக்குப் போக்குவரத்து, மின்சாரம், ஆட்களின் பயணம், தங்கல் எல்லாம் மீதியைத் தின்றுவிடும். இடத்துக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு ஒரே ஆளை நிற்க வைப்பதைவிட, சின்ன ஸ்டாலில் இரண்டு ஆளை நிற்க வைப்பது மேல்.

அமைப்பாளரே சுவர் வைத்துத் தரும் ரெடிமேட் ஸ்டால் பெரும்பாலும் 3 மீட்டருக்கு 3 மீட்டர். சுவர்ப் பேனல் பொதுவாக 1 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். ஆனால் அலுமினியச் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரிவது சுமார் 95 சென்டிமீட்டர்தான். முழு 1 மீட்டருக்கு அச்சடித்து வந்தால் ஓரத்து எழுத்துகள் சட்டத்துக்குள் போய்விடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் அமைப்பாளரின் கையேட்டில் சரியான அளவைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, மேஜை 75 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் பொருளை அடுக்கி, முன்னால் ஆட்களும் நின்றுவிட்டால், பேனலில் இடுப்புக்குக் கீழே எழுதியது எதுவும் தெரியாது. போன் நம்பரும் க்யூஆர் கோடும் அடியில் போய் ஒளிந்துகொள்வதைக் கண்காட்சி தவறாமல் பார்க்கலாம். படிக்க வேண்டியதெல்லாம் 1 மீட்டருக்கு மேலே இருக்கட்டும். எழுத்து உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு: 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சென்டிமீட்டர். 6 மீட்டர் தள்ளி நடப்பவருக்கு 5 சென்டிமீட்டர். நடந்துகொண்டே படிப்பார் என்பதால் இரட்டிப்பாக்குங்கள். கம்பெனி பெயர் ஏற்கெனவே ஸ்டால் நெற்றிப் பலகையில் இருக்கும். பின்சுவரின் உச்சியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், யாருக்காகச் செய்கிறீர்கள் என்று ஐந்தாறு சொல்லில் எழுதுங்கள். "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று அந்த இடத்தை வீணாக்க வேண்டாம்.

மெஷின் ஓட்டிக் காட்டுபவர்கள் மின்சாரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், கிளம்பும் நொடியில் வழக்கமான கரண்ட்டைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். ஓடும்போது இழுப்பதை மட்டும் கணக்கிட்டு இணைப்பு கேட்டால், முதல் டெமோவிலேயே பிரேக்கர் விழும். கிலோவாட் எவ்வளவு, சிங்கிள் ஃபேஸா திரீ ஃபேஸா, கம்ப்ரெஸ்ட் ஏர் என்றால் என்ன அழுத்தம், நிமிடத்துக்கு எவ்வளவு காற்று என்று கையேட்டில் உள்ள கடைசித் தேதிக்குள் எழுதிக் கொடுங்கள். தேதி தாண்டினால் கட்டணம் கூடும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. மாலையில் அரங்கம் மூடியதும் பொதுவாக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். குளிர்ப்பெட்டி போல இரவும் ஓட வேண்டியது இருந்தால் 24 மணி நேர இணைப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

புதுக் கண்டுபிடிப்பைக் காட்டப்போகிறீர்களா? காப்புரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காட்டுங்கள். பொதுமக்கள் முன் காட்டிய பிறகு விண்ணப்பித்தால், பல நாடுகளில் அது "புதியது" என்ற தகுதியையே இழக்கும். கண்காட்சிக்கென்று சில நாடுகள் சட்டத்தில் தரும் விலக்கு மிகக் குறுகியது, சாதாரண வர்த்தகக் கண்காட்சிகள் பெரும்பாலும் அதில் வராது. வெளிநாட்டுக் கண்காட்சிக்கு மாதிரிகளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கு, 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வந்த ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் இருக்கிறது. அதை ஏற்கும் நாடுகளில், சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாக எடுத்துப்போகலாம். இலவசமாகக் கொடுத்துத் தீர்க்கும் பொருளும் தின்பண்டமும் அதில் அடங்காது.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். ஏ4 தாளில் பாதி போதும். கார்டை மேலே ஸ்டேப்ளர் அடித்து, கீழே கையால் எழுதுங்கள். நன்றாக நிரப்பிய தாள் இப்படி இருக்கும்: "மாதம் 400 கிலோ. இப்போது வாங்கும் சரக்கில் ஈரப்பதம் கூடுதல், கட்டி தட்டுகிறது. முடிவு எடுப்பவர் கொள்முதல் மேலாளர், வந்தவர் உற்பத்திப் பிரிவு. இரண்டு மாதத்தில் மாற்ற நினைக்கிறார்கள். வெள்ளிக்குள் 2 கிலோ சாம்பிள் அனுப்புவதாகச் சொன்னோம். கிரேடு ஏ." கிரேடு ஏ என்றால் முதலில் கவனிக்க வேண்டியவர். அடியில் அவரிடம் பேசிய நம் ஆளின் கையெழுத்து. ஸ்கேனர் ஆப் பெயரையும் நம்பரையும் பிடிக்கும், "கட்டி தட்டுகிறது" என்பதைப் பிடிக்காது. ஆர்டரைக் கொண்டுவரப் போவது அந்த இரண்டு சொல்தான். அவர் நகர்ந்ததும் எழுதிவிட வேண்டும். அடுத்த மூன்று பேரிடம் பேசிவிட்டால் எல்லாம் கலந்துவிடும். இரவில் எல்லாத் தாள்களையும் போனில் படமெடுத்து வையுங்கள், தொலைந்தாலும் கவலையில்லை.

பேச்சை "உதவி வேணுமா?" என்று ஆரம்பித்தால் "சும்மா பார்க்கிறேன்" என்று போய்விடுவார். "நீங்க என்ன தயாரிக்கிறீங்க?" என்று கேளுங்கள், அவர் பேசுவார். நமக்கு ஆகாதவர் என்று தெரிந்தால் இரண்டு நிமிடத்தில் மரியாதையாகக் கைகூப்பி அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும், இது பழகினால்தான் வரும். மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பார்ப்பவரிடம் யாரும் வரமாட்டார்கள். மேஜையைப் பக்கச் சுவரோடு தள்ளி, வாசலைத் திறந்து விடுங்கள். பரிசுக் குலுக்கலுக்கு என்று கண்ணாடிக் குடுவையில் கார்டு சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பரிசு வேண்டியவர்களின் பட்டியல்தான் மிஞ்சும்.

நான் அடித்துச் சொல்வது ஒன்று: ஒரு ஆளை ஆபீஸிலேயே விட்டுச் செல்லுங்கள். அன்றன்று இரவு வரும் ஏ கிரேடு தாள்களுக்கு அவர் மறுநாளே கொட்டேஷனும் சாம்பிளும் அனுப்ப வேண்டும். மீதிக்கு ஒரு வாரம். மெயில் வாசகங்களைக் கண்காட்சிக்கு முன்பே எழுதி வைத்திருந்தால்தான் இது நடக்கும். திரும்பி வந்தபின் எழுதலாம் என்றால், மேஜையில் குவிந்த வேலை விடாது.

ஏமாற்றுக்காரர்களும் இந்தச் சமயத்தில்தான் வருவார்கள். "கண்காட்சி டைரக்டரியில் உங்கள் விவரத்தை இலவசமாகச் சரிபார்க்கவும்" என்று ஒரு படிவம் வரும். அடியில் பொடி எழுத்தில் மூன்று ஆண்டுக் கட்டண ஒப்பந்தம் இருக்கும், கையெழுத்துப் போட்டால் பில் வரும். பார்வையாளர்களின் மெயில் பட்டியலை விற்பதாகவும், கண்காட்சிக்கான அதிகாரப்பூர்வ ஹோட்டல் ஏஜென்ட் என்றும் வரும் மெயில்களை அமைப்பாளரிடம் போனில் உறுதி செய்யாமல் நம்பாதீர்கள்.

கடைசி நாள் மதியமே பேக்கிங் ஆரம்பிக்காதீர்கள். எல்லா ஸ்டாலையும் சுற்றி ஒப்பிட்டுவிட்டுத் திரும்பி வருபவர் அப்போதும் வரலாம். பிரிக்கும் நேரத்தில்தான் மாதிரிகளும் லேப்டாப்பும் காணாமல் போகின்றன, ஒருவர் பொருளை விட்டு நகரக் கூடாது. அதே மதியம் அமைப்பாளரின் ஆள் அடுத்த ஆண்டுக்கு முன்பதிவுப் படிவத்தோடு தள்ளுபடி சொல்லி வருவார். கூட்டம் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் திரும்பியது, எந்த மூலை காலியாகக் கிடந்தது என்று அரங்க வரைபடத்தில் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று படித்துவிட்டு, முடிந்தால் ஆறு மாத ஆர்டர் கணக்கைப் பார்க்கும் வரை கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள்.