சுற்றுச்சூழல் மரபணு அல்ல, உதிர் டிஎன்ஏ

கரையோரக் கடல்நீரைப் புட்டியில் மொண்டு வடிகட்டி, அதில் சிக்கும் டிஎன்ஏவைப் படித்து, அந்தப் பக்கம் என்னென்ன மீன்கள் வந்துபோயின என்று அறிகிறார்கள். இதைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பலர் 'சுற்றுச்சூழல் மரபணு' என்கிறார்கள். நேற்றும் ஒரு கட்டுரையில் அதே சொல். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலப் பெயர் என்விரான்மென்டல் டிஎன்ஏ, சுருக்கமாக ஈ-டிஎன்ஏ. 1980களில் வண்டலிலிருந்து நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைப் பிரித்தவர்களிடம் புழங்கத் தொடங்கியது. 2008இல் பிரான்சில் குளத்துநீரைக் கொண்டே காளைத்தவளை இருப்பதைக் கண்டறிந்தார்கள். 2012இல் டென்மார்க்கில் கடல்நீரிலிருந்து மீன்களை அறிந்தார்கள்.

சரி, 'மரபணு' ஏன் தவறு? மரபணு என்பது ஜீன். டிஎன்ஏ ஒரு வேதிப்பொருள். அதில் ஒரு குறிப்பிட்ட பகுதிதான் மரபணு. மீன்களைத் தேட இன்று பரவலாகப் பயன்படும் முறை ஒன்றில் படிக்கப்படுவது ஏறக்குறைய 170 எழுத்து (டிஎன்ஏ இழையில் வரிசையாக அமைந்த அலகுகளை எழுத்து என்பார்கள்) நீளமுள்ள துண்டு. முழு மரபணுகூட அல்ல, ஒரு மரபணுவின் சிறு பகுதி. அப்புறம், மரபணு என்றதும் நம் வாசகருக்கு மரபணு மாற்றுப் பயிர்தான் நினைவுக்கு வரும். கடலில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் பதறியிருக்கிறார். அவர்மேல் தவறில்லை, சொல்லின்மேல்தான் தவறு.

'சுற்றுச்சூழல்' அதைவிடச் சிக்கல். 'ஆட்டுப்பால்' என்றால் ஆட்டினுடைய பால். 'ஆற்றுமீன்' என்றால் ஆற்றில் இருக்கும் மீன். இங்கே வேண்டியது ஆற்றுமீன் வகைத் தொகை, வாசகர் படிப்பதோ ஆட்டுப்பால் வகை. சூழலுக்கு ஏது டிஎன்ஏ? அது மீனுடையது, தோல் செல்லாக, சளியாக, கழிவாக நீரில் விழுந்தது. மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடினால் இப்படித்தான் ஆகும். கலைச்சொல் கட்டுரைகளில் இந்த அவசரம் பெருகிவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

'உதிர் டிஎன்ஏ' என்பேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: உதிர்ந்த, உதிர்கின்ற, உதிரும் மூன்றும் அதில் அடங்கும். மீன் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது, நீரில் அது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சிதைந்துபோகிறது. டிஎன்ஏவை 'தாயனை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். தமிழ் ஒலி இருக்கிறது, விளக்கம் இல்லை. டிஎன்ஏ என்றே எழுதலாம். நுண்ணுயிர் முழு உடலோடு வடிகட்டியில் சிக்கும்போது மட்டும் 'உதிர்' பொருந்தாது. அங்கே 'சூழலில் கிடைத்த டிஎன்ஏ' என்று விரித்து எழுதுவதே சரி.

இன்னொரு நன்மையும் உண்டு. ஈ-டிஎன்ஏ கிடைத்தால் அந்த இடத்திலேயே மீன் இருக்கிறது என்றோ, இத்தனை மீன்கள் என்றோ முடிவுகட்ட முடியாது. நீரோட்டம் வேறெங்கிருந்தோ கொண்டுவந்திருக்கலாம், செத்த மீனுடையதாகவும் இருக்கலாம். உதிர்ந்த சருகு அடுத்த வீட்டு முற்றத்தில் கிடப்பதைப் பார்த்தவருக்கு, 'உதிர் டிஎன்ஏ' என்றால் இது தனியாகச் சொல்லாமலே விளங்கும்.