அது சூடு இல்லை, சிறுநீர்த் தொற்று

பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம் போனதும் எங்கள் ஓ.பி.யில் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். இந்த வாரம் வந்தது இரண்டாம் வகுப்புச் சிறுமி. நான்கு நாளாகக் குளிர்க்காய்ச்சல், வாந்தி, 103 டிகிரி. சளி இல்லை, இருமல் இல்லை. ஒன்னுக்குப் போகும்போது எரிகிறது என்று எப்போதாவது சொன்னாளா என்று கேட்டேன். "போன வாரமே சொன்னா டாக்டர். சூடு பிடிச்சிருக்குன்னு இளநீர் குடுத்து, தொப்புள்ல விளக்கெண்ணெய் வெச்சோம். சரியாயிடுச்சே" என்றார் பாட்டி.

சரியாகவில்லை அம்மா. எரிச்சல் குறைந்தது, தொற்று மேலே ஏறிச் சிறுநீரகம் வரை போய்விட்டது. அட்மிட் செய்து ஊசி மருந்து போட வேண்டியதாகிவிட்டது.

இந்த 'சூடு' விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்கள், படிக்காதவர்கள், நர்ஸ் வேலை பார்க்கும் அம்மாக்கள் வரை எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி லேசாக எரியும், உண்மைதான். இளநீரோ சப்ஜா விதை போட்ட தண்ணீரோ குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் எரிச்சல் அடங்கும், அதுவும் உண்மை. ஆனால் கிருமி உள்ளே இருந்தாலும் இதே மாதிரிதான் எரிச்சல் குறையும். மருந்துக்கடையில் கேட்டதும் தருகிறார்களே, நீர்க்கடுப்பு சிரப், அதுவும் எரிச்சலைத்தான் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. எரிச்சல் நின்றதும் சூடு இறங்கிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். பெரும்பாலும் இ.கோலை என்ற குடல் பாக்டீரியாதான் காரணம், எண்ணெய்க் குளியலில் அது போகாது. இளநீர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுங்கள். இளநீரோடு நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். சின்னக் குழந்தைகளில் இந்தத் தொற்று சிறுநீரகத்தில் தழும்பை விட்டுப் போகக்கூடும், அது பல வருடம் கழித்து ரத்த அழுத்தமாக வந்து நிற்கலாம்.

சரி, ஏன் ஜூனில்? லீவில் வீட்டில் இருந்தபோது குழந்தை நினைத்த நேரத்துக்குப் போய் வந்தது. இப்போது ஏழரைக்கு வேன். எழுப்பி, பல் தேய்த்து, இரண்டு வாய் இட்லி ஊட்டி ஏற்றிவிடுகிறோம், காலைக்கடனுக்கு நேரமே இல்லை. பள்ளியில் என்ன நடக்கிறது என்று அந்தச் சிறுமியிடமே கேட்டேன். பாத்ரூம் நாறுமாம், தாழ்ப்பாள் விழாதாம், அதனால் வீட்டுக்கு வந்துதான் போவாளாம். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டில் நிரப்பியபடியே திரும்பி வருகிறது என்று அம்மா திட்டியிருக்கிறார், ஏன் என்று கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை சுமார் 270 மில்லிதான் கொள்ளும். அதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை அடக்குகிறார்கள். மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம், இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்திக்கொண்டே இருக்கும், முழுதாகக் காலியாகாது. நாங்கள் வயிற்றைத் தொட்டாலே இடப்பக்கம் கட்டி கட்டியாகத் தட்டுப்படும்.

காலைப் பின்னிக்கொண்டு நிற்பது, குதிகாலை அழுத்தி உட்கார்ந்துகொள்வது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, இதையெல்லாம் குறும்பு என்று அடிக்காதீர்கள். அது அடக்கி அடக்கிப் பழகியதன் அடையாளம்.

இருபது நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். சாப்பிட்ட பிறகு குடல் தானாக அசையும், அப்போது ஐந்து பத்து நிமிடம் உட்காரட்டும், வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் ஒரு முக்காலி வையுங்கள். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்லிக்கொடுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை போகட்டும். சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் அடித்தால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம், கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, மாதிரி கொடுத்த பிறகுதான் ஆன்டிபயாட்டிக், முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். போன தடவை வாங்கிய மிச்ச சிரப்பைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்துபவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது.

டீச்சர்களிடம் ஒரு கெஞ்சல். கேரளத்தில் 2019-ல் தண்ணீர் குடிக்க மணி அடிக்கத் தொடங்கினார்கள், தமிழ்நாட்டிலும் 2025-ல் வாட்டர் பெல் வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் குடிக்கச் சொல்லிவிட்டு, "இப்பதானே இன்டர்வெல் விட்டோம்" என்று உட்கார வைத்தால் குழந்தை மறுநாள் குடிக்காது. கை தூக்கினால் அனுப்பிவிடுங்கள்.

பெற்றோர்களே, அடுத்த மீட்டிங்கில் மார்க் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உங்கள் குழந்தை போகும் கழிப்பறைக்குள் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கப்பு இருக்கிறதா. இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள், நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.